ஓர் ஏட்டின் கடலோட்டு

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு வாவியோரத்து ஊர்களில் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். ஆண்டின் மற்றக் காலத்தில் பெரும்பாலும் பூட்டியே இருக்கிற கோயில்கள் அவை. கதவு திறந்த இரவு தொடங்கிக் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை அங்கே பூசைக்கு நிகராக நடக்கிற காரியம் ஏடு படிப்பு. பூசை செய்கிற கட்டாடியாரோ, ஊரில் அந்த உரிமை உள்ளவரோ, பட்டில் சுற்றி வைத்த கட்டை எடுத்துப் பிரித்துக் கண்ணகி வழக்குரையை இராகத்தோடு படிக்கத் தொடங்குவார். பந்தலில் பாய் விரித்து உட்கார்ந்த சனம் நேரம் போவது தெரியாமல் கேட்கும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொலைக்களம் வருகிற இடத்தில் அழுகிற பெண்கள் போன வருடமும் அதே இடத்தில் அழுதவர்கள்தான்.

அந்த ஏடு வந்த வழியைத்தான் இங்கே எழுதப்போகிறேன். ஓலையில் இருந்தது, அச்சுக்குப் போனது, அச்சிலிருந்து படமாகி இணையத்துக்குப் போனது. இப்போது பெரியகல்லாற்றில் ஒருவர் அதைக் கைத்தொலைபேசியில் திறந்து படிக்க, ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். இலவச இணைய நூலகம், இணையவழி நூல் உரையாடல் என்றெல்லாம் இன்று நாம் புதிதாகச் சொல்கிற காரியங்கள் இந்த ஒரு நூலின் கதைக்குள்ளேயே இருக்கின்றன.

பெரியகல்லாறு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கிற ஒடுங்கிய நிலம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற பெருவீதியில் களுவாஞ்சிகுடி, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு தாண்டி வரும். கண்ணகியின் தலங்களை வரிசையாகச் சொல்லிப் போகிற பழைய ஊர்ச்சுற்றுக் காவியத்தில் கல்லாற்றுக்கும் இடம் உண்டு. பட்டிநகரும் தம்பிலுவிலும் காரைதீவும் எருவிலும் மகிழூரும் செட்டிபாளையமும் சொல்லப்படுகிற அதே மூச்சில் கல்லாறும் வரும். ஆகவே இந்த ஏடு இங்கே வந்தேறி அல்ல.

இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தை 1892இல் உ. வே. சாமிநாதையர் சென்னையில் முழுமையாகப் பதிப்பித்தார். படித்தவர்களின் கைக்குக் கண்ணகி போய்ச் சேர்ந்தது அந்த வழியால். ஆனால் கிழக்கிலங்கையின் வயல்காரரும் மீன்பிடிகாரரும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தங்கள் கண்ணகியைத் தங்கள் ஏட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரம்பெறு காதையில் தொடங்கி, கடலோட்டு, கலியாணம், மாதவி அரங்கேற்று, வழிநடை, அடைக்கலம், கொலைக்களம், உயிர்மீட்பு, வழக்குரை என்று போய்க் குளிர்ச்சியில் முடிகிற நூல் அது. இளங்கோவிடம் இல்லாத பெரும் பகுதி கடலோட்டு காதை. கண்ணகியின் சிலம்புக்கு வேண்டிய நாகமணி தேடி மீகாமன் கப்பலேறிப் போவதும், வழியில் வெடியரசனோடு கடலில் பொருதுவதும் அதிலே வரும். கரையோரச் சனத்துக்கு இந்தக் காதையில் தனிப் பிரியம். கப்பலுக்கு மரம் தறிப்பதும் பாய் கட்டுவதும் காற்றுக்குக் காத்திருப்பதும் அவர்கள் கண்ணால் கண்டவை. வடக்கே இதே மரபுக் கதைக்குக் கோவலனார் கதை என்றும் சிலம்பு கூறல் என்றும் பெயர்கள் வழங்குகின்றன. ஆசிரியராகக் காங்கேசன், சகவீரன் என்ற பெயர்கள் சொல்லப்படுவதுண்டு. பந்தலில் இருக்கிறவர்கள் அதைக் கேட்டுக் கவலைப்பட்டதில்லை.

ஓலைக்கு ஆயுள் உண்டு. பச்சோலையைப் பதமாக அவித்து நிழலில் உலர்த்தி, எழுத்தாணியால் கீறி, மையும் மஞ்சளும் இலைச்சாறும் தடவித் துலக்கினாலும், உப்புக்காற்று வீசுகிற எங்கள் கரையில் பூச்சியும் ஈரமும் அதை விட்டுவைப்பதில்லை. நெடுநாள் போனால் விளிம்பு நொறுங்கும், துளை விழும். அதற்குள் யாராவது ஒருவர் இருந்து வேறு ஓலையில் பெயர்த்து எழுதிவிட வேண்டும். பெயர்த்து எழுத ஒருவருக்கு மனம் வரவேண்டுமென்றால் அந்த ஏடு பாவனையில் இருக்க வேண்டும். பெட்டியில் கும்பிட்டு வைத்த ஏடுகள் செல்லரித்துப் போயின. வருடா வருடம் பிரித்துப் படித்த ஏடுகளுக்குத்தான் புதுப்பிரதி கிடைத்தது. இந்த விடயத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன், ஏனென்றால் இன்றைய எண்ணிம நூலகங்களுக்கும் இதுவேதான் சட்டம் என்று நம்புகிறேன்.

பெயர்த்து எழுதினவர்கள் தங்கள் ஊர் வழக்கையும் சேர்த்து எழுதினார்கள். அதனால் ஊருக்கு ஊர் பாடபேதம். ஒரு கோயில் ஏட்டில் உள்ள பாட்டு இன்னொரு கோயில் ஏட்டில் இராது. இந்த ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் பண்டிதர் வி. சீ. கந்தையா. அவர் மண்டூரார். எழுவான்கரையில் குருமண்வெளித் துறையிலிருந்து பாதைப் படகில் ஏறினால் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மண்டூர். 1964இல் அவருடைய மட்டக்களப்புத் தமிழகம் வந்தது. அதை வெளியிட்டது யாழ்ப்பாணத்துக் குரும்பசிட்டியில் இருந்த ஈழகேசரிப் பொன்னையா நினைவு வெளியீட்டு மன்றம். நான்கு வருடம் கழித்து, 1968இல், கண்ணகி வழக்குரை நூலாயிற்று. வெளியிட்டது காரைதீவு இந்து சமய விருத்திச் சங்கம்.

காரைதீவு என்றால் விபுலாநந்த அடிகளின் ஊர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் இசைக் குறிப்புகளை வைத்து யாழ் நூல் என்ற பெருநூலைச் செய்து 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றி, அதே ஆண்டு கண்மூடியவர். வைகாசிதோறும் கண்ணகை அம்மன் கோயிலில் ஏடு கேட்ட ஊர்ப்பிள்ளை ஒன்று சிலப்பதிகாரத்தின் இசையைத் தேடிப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதே ஊர்ச் சங்கம் வழக்குரையை அச்சிட முன்வந்ததிலும் இல்லை.

அச்சில் வந்த வழக்குரை இரண்டு காரியம் செய்தது. ஏட்டுரிமை இல்லாதவர்களின் வீட்டுக்குள்ளும் அது போனது. எங்கள் பக்கத்தில் கோயில் காரியங்கள் குடிவழியாக வருகிறவை. இன்ன குடிக்கு இன்ன உரிமை என்று முறை இருக்கும். ஏட்டைத் தொடுகிற கை எது என்பதும் அதற்குள் அடங்கும். பெண்கள் கேட்டார்கள், படித்தது குறைவு. காசு கொடுத்தோ இரவல் வாங்கியோ புத்தகத்தை எவரும் எடுக்கலாம் என்றானதும் ஆசிரியைகளும் மாணவிகளும் அதைப் படித்தார்கள். இது அச்சு செய்த நன்மை. மற்றது இழப்பு. இராகம் அச்சில் ஏறவில்லை. எந்த இடத்தில் நீட்ட வேண்டும், எங்கே உடுக்கு விழ வேண்டும், எந்த அடியைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் படிக்கிறவரின் தொண்டையிலேயே தங்கிவிட்டன. புத்தகத்தில் பாட்டு வரிசையாக, மௌனமாக நின்றது.

ஈழத்தில் ஒரு தமிழ் நூல் 500 பிரதி, மிஞ்சினால் ஆயிரம். அந்தப் பிரதிகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் கிழக்கின் துயரக் கணக்கைத்தான் சொல்லவேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. மறுநாள் முற்றத்தில் காயப்போட்ட புத்தகங்கள் பல அப்பளமாக ஒட்டி, பிறகு பிரிக்க முடியாமற் போயின. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 1990இல் போருக்குப் பயந்து சனம் வீடு வாசலை விட்டு ஓடிய ஓட்டத்தில் எவர் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போவார்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் வந்தது. கல்லாற்றின் ஒடுங்கிய மணலில் கடலும் வாவியும் கைகோத்தன. ஆஸ்பத்திரிக் கட்டடமே நிற்கவில்லை. அதன் பிறகு ஊரில் பழைய புத்தகம் ஒன்றைத் தேடுகிறவருக்குக் கிடைத்த மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: கடலோடு போயிற்று.

அந்தக் கடல் வந்து சில வாரம் கழித்து, 2005 ஜனவரியில், ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் திட்டம் தொடங்கியது. இரண்டுக்கும் காரணத் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் எங்கள் கரையில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்தத் திகதிகள் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும். தி. கோபிநாத்தும் மு. மயூரனும் முன்னெடுத்த தன்னார்வ வேலை அது. முன்மாதிரி இருந்தது. 1998 பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடக்கிய மதுரைத் திட்டம், திருக்குறளை முதல் எண்ணாக வைத்துத் தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாக வைத்து வந்தது. அதற்கும் முன்னோடி 1971இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் தொடக்கிய குட்டன்பர்க் திட்டம். ஈழத்து நூல்களுக்கென்று ஒரு தனி இடம் வேண்டும் என்ற எண்ணத்தில் நூலகம் பிறந்தது. ஆரம்பத்தில் அங்கேயும் தட்டெழுத்துத்தான். ஒருவர் ஒரு நாவலைத் தட்டி முடிக்கிற நேரத்தில் நூறு நூல் அழிந்துவிடும் நாட்டில் அது போதவில்லை. பக்கங்களை அப்படியே படமாக வருடி ஏற்றும் முறைக்கு வந்தார்கள். 2010இல் நூலக நிறுவனமாக முறைப்படி பதிவாயிற்று. இன்று அங்கே இலட்சத்தைத் தாண்டிய ஆவணங்கள்: நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டுமலர்கள், நினைவுமலர்கள். ஒலியும் படமும் வைப்பதற்கு ஆவணகம் என்று இன்னொரு தளமும் இருக்கிறது.

நூலகத்தில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் என்று சின்ன அட்டவணை. கீழே ‘வாசிக்க’ என்று ஒரு தலைப்பு; அதன் கீழே கோப்பின் அளவும் தரவிறக்கும் வழியும். பக்கத்திலேயே ‘எழுத்துணரியாக்கம்’ என்று இன்னொன்று இருக்கும். அதன்பின் ‘உள்ளடக்கம்’. இந்த உள்ளடக்கத்தை யாரோ ஒருவர் கையால் தட்டியிருக்கிறார். சஞ்சிகை ஒன்றின் ஒவ்வொரு கட்டுரைத் தலைப்பையும், எழுதினவர் பெயரையும், அடைப்புக்குறி பிசகாமல். தேடுபொறியில் ஒரு பெயரைப் போட்டதும் 1970களின் ஒரு மலரில் அந்தப் பெயர் அகப்படுகிறதென்றால் அந்த முகம் தெரியாத தட்டெழுத்தாளருக்குத்தான் கைகூப்ப வேண்டும். ஏடு பெயர்த்து எழுதினவர்களின் வழியில் வந்தவர்கள் அவர்கள்.

வருடல் வேலையும் லேசானதல்ல. முதுகு ஒட்டிய பழைய புத்தகத்தைப் பிரிக்காமல் வருடினால் நடுப்பக்க எழுத்து வளைந்து நிழலில் மறையும். பிரித்தால் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும். புத்தகத்தை இரவல் தந்தவர் அதை முன்னைப்போலவே எதிர்பார்ப்பார். எழுத்துணரிக்கு இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்திய அச்சில் ணை, லை, னை எல்லாம் முன்னால் துதிக்கை நீட்டி நிற்கும். ணா, றா, னா வளைந்து கிடக்கும். இவற்றைக் கண்டதும் இயந்திரம் தடுமாறி வேறு எதையோ எழுதிவிடும். அதனால் 1968இன் வழக்குரை போன்ற நூலில் ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது இன்றும் கண்ணால் செய்கிற வேலைதான்.

காப்புரிமை இன்னொன்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓர் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுவரை உரிமை அவருடைய வாரிசுக்கு. விபுலாநந்தர் 1947இல் போனவர். அவருடைய எழுத்துக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அண்மைக் காலத்தவர்களுக்கு அனுமதி வாங்க வேண்டும். வாரிசு ஒருவர் லண்டனிலும் ஒருவர் மெல்பேர்னிலும் இருப்பார்கள், ஒருவருக்குத் தகப்பன் புத்தகம் எழுதினதே தெரிந்திராது. இருந்தும் எங்கள் எழுத்தாளர்களில் மிகப் பலர் கேட்டவுடன் சம்மதித்தார்கள். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். உலகத்தில் பெரிய பெரிய பதிப்பகங்கள் 2020இல் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்ற இணைய நூலகத்தை நீதிமன்றத்துக்கு இழுத்து, 2023இல் தமக்குச் சார்பான தீர்ப்பும் பெற்றன. எங்கள் சின்னச் சமூகத்தின் ஆசிரியர்கள், விற்பனையில் அச்சுக்கூலியைக் கூடக் கண்டிராதவர்கள், ‘பிள்ளைகள் வாசிக்கட்டும்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இலவசம் என்று நாம் சொல்கிறபோது அந்தக் கையெழுத்துகளை மறக்கக் கூடாது.

இப்படிப் படமாகிக் கோப்பாகிய வழக்குரை மீண்டும் கல்லாற்றுக்கு வந்தது கைத்தொலைபேசி வழியாக. வைகாசியில் கதவு திறக்கிற கோயிலை எண்ணி, தொலைவில் இருக்கிற யாரோ ஒரு மருமகன் வட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். வாங்கினவர் ரீலோட் போட்ட டேட்டாவில் அதை இறக்கியிருப்பார். அதோடு நின்றிருக்கவும் கூடும். எத்தனை பேருடைய போனில் திறக்காத கோப்புகள் கிடக்கின்றன! திறக்காத கோப்பும் பெட்டியில் கும்பிட்டு வைத்த ஏடும் ஒன்றுதான். வன்தட்டில் செல் அரிக்காது, ஆனால் அதைப் பெயர்த்து எடுக்க எவருக்கும் மனம் வராத நாளில் அதுவும் போகும்.

2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனாத் தொற்றால் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கூட்டம் கூட முடியாத அந்தக் காலத்தில் தமிழ் இலக்கியக் கூட்டங்கள் அநேகமாக எல்லாமே சூமுக்கு ஏறின. 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு மரபில் வந்தவர்கள் நகரம் நகரமாக ரயிலேறிப் போய்ச் சந்தித்தவர்கள். அவர்களுக்கும் இப்போது சனிக்கிழமை பின்னேரம் வீட்டு மேசையிலேயே சபை. இலங்கையில் இரவு ஏழரை என்றால் கோடைகாலத்தில் லண்டனில் பிற்பகல் மூன்று, சூரிச்சில் நான்கு, ரொறன்ரோவில் காலை பத்து. மெல்பேர்னில் நள்ளிரவு, அங்கிருந்தும் ஒருவர் தவறாமல் வருவார். மட்டக்களப்புக்குள்ளேயே படுவான்கரையில் இருந்து நகரக் கூட்டத்துக்கு பஸ் பிடித்து வரமுடியாதவர்களும் கைக்குழந்தைக்காரப் பெண்களும் முதன்முறையாக இலக்கியக் கூட்டத்தில் உட்கார்ந்தது அந்தக் காலத்தில்தான்.

இந்தக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மண்டபத்தில் செய்ததையே சூமில் செய்தார்கள். தலைமையுரை, வாழ்த்துரை, மூன்று கருத்துரை, ஏற்புரை. நூலை வாசித்தவர்கள் நால்வர், அந்த நால்வரும் பேசுகிறார்கள், மற்றவர்கள் கேட்கிறார்கள். முடிகிற நேரத்தில் ‘கேள்வி ஏதும் உண்டா’ என்பார்கள். பேசப்படுகிற நூல் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடக்கும். ஒரு பக்கத்தைத் திரையில் விரித்து வைத்து வாய்விட்டு வாசித்தால் அந்த நாற்பது பேரும் வாசகர்களாகிவிடுவார்கள். அதைச் செய்ய எவருக்கும் தோன்றாது. எங்கள் முன்னோர் புராண படனத்தில் செய்தது அதைத்தானே. ஒருவர் படிப்பார், ஒருவர் பயன் சொல்வார், சனம் நூலையும் பொருளையும் ஒருமிக்கக் கேட்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் கந்தபுராணத்தில் கேள்வி கேட்பார்.

கல்லாற்றுப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து நடத்துகிற ஒரு வாசிப்பு வட்டத்தில் அந்த முறை மீண்டும் வந்ததை நான் கண்டேன். பெரிய திட்டமெல்லாம் இல்லை. 2021 வைகாசியில் பயணத்தடை வந்து கோயிலுக்குச் சனம் போகமுடியாத நேரம். குளிர்த்தி பார்க்க முடியாத ஏக்கத்தில், வழக்குரையின் கோப்பைத் திறந்து வாரம் ஒரு காதை வாசிப்போம் என்று தொடங்கினார்கள். ஏடு படித்துப் பழகிய முதியவர் ஒருவரைக் கெஞ்சிக் கேட்டு உட்கார வைத்தார்கள். அவர் உடனே சம்மதிக்கவில்லை. கோயிலுக்கு வெளியே, அதுவும் போனில், அம்மன் கதையைப் படிக்கலாமா என்பது அவருடைய யோசனை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஏட்டைத் தொடமாட்டேன், அச்சுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் படிப்பேன், கேட்கிறவர்கள் அன்றைக்கு மச்சம் சாப்பிடக் கூடாது. ரொறன்ரோவில் இருந்தவர்களும் அதற்கு உடன்பட்டார்கள்.

கடலோட்டு காதையில் தொடங்கினார். பேத்தி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அச்சில் நான் எத்தனையோ முறை பார்த்துக் கடந்த பாட்டு, அவர் வாயில் வந்தபோது வேறாக இருந்தது. கப்பல் கரையை விட்டு விலகும் இடத்தில் அவர் குரல் மெல்ல ஏறி, ஒரு சொல்லில் நின்று, திரும்ப அதே அடிக்கு வந்தது. 1968இல் அச்சுக்கு ஏறாமல் நின்றுவிட்ட இராகம் அது. திரையில் ஒருவர் வருடிய பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், இவர் பாடப் பாட விரலால் வரியைத் தொட்டுக் காட்டினார். ஓரிடத்தில் அவர் படித்தது புத்தகத்தில் இல்லை. ‘இது எங்கட ஊர் ஏட்டில உள்ளது’ என்றார். லண்டனில் இருந்த காரைதீவுப் பெண் ஒருவர் உடனே, தங்கள் ஊரில் அந்த இடம் வேறு மாதிரி என்று சொல்லி, தாய் சொல்லக் கேட்டதைப் பாடிக் காட்டினார். பதிப்பாசிரியர்கள் ஊர் ஊராகப் போய் எடுத்த பாடபேதம், ஒரு பின்னேரத்தில் இரு கண்டத்திலிருந்து வந்து நின்றது. கோயிலில் படிக்க உரிமை இல்லாத ஒரு பெண்ணின் வாயிலிருந்து அதில் ஒன்று வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சிரமங்கள் நிறைய. உடுக்கை அடித்தால் சூம் அதை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். குரல் கேட்கும், உடுக்கு வாயசைப்பது போலத் தெரியும். பேத்தி அமைப்புகளுக்குள் போய் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதைக் கண்டுபிடித்து இயக்கிய பிறகுதான் தாளம் வந்தது. கூட்டுக்குரல் எடுப்பது நடக்கவே இல்லை. கோயிலில் சனம் சேர்ந்து குரல் கொடுக்கிற இடங்களில் இங்கே எல்லோரும் சேர்ந்தால் ஒருவர் குரல் ஒருவருக்குப் பிந்தி வந்து குழம்பும். ஆகவே அந்த இடங்களில் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வீட்டில் தனித்தனியே பாடினார்கள். அந்த ஒன்றை இணையம் தரவில்லை, தரவும் முடியாது.

இலவசக் கணக்கில் கூட்டம் நாற்பது நிமிடத்தோடு அறுந்துவிடும். கொலைக்களக் காதை படித்த அன்று, கோவலன் வெட்டுண்ட இடத்தில் திரை இருண்டது. திரும்ப இணைப்பை அனுப்பி எல்லோரும் வருவதற்குள் நேரமாகிவிட்டது. மெல்பேர்னில் விடியப்போகிறது, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். முதியவர் ஒப்பவில்லை. ‘இதில விட்டிற்றுப் போகக் கூடா மனே. உயிர்மீட்பு மட்டும் போகணும்.’ கண்ணகி மாண்டவனை எழுப்பிப் பேசுகிற அந்தக் காதை முடியும்வரை ஒருவரும் எழும்பவில்லை. மூன்று முறை இணைப்பு அறுந்து மூன்று முறை ஒட்டியது.

2022இல் வந்த பொருளாதார நெருக்கடி வேறு விதமாகச் சோதித்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கடதாசி இல்லாமல் பரீட்சைகள் தள்ளிப்போயின, சில பத்திரிகைகள் அச்சை நிறுத்தின. கடதாசி இல்லாத நாட்டில் இணைய நூலகத்தின் அருமை தெரிந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் அதே நூலகம் எட்டாமற் போனது. மின்சாரம் இருக்கிற நேரத்தில் கோப்பை இறக்கிப் போனில் சேமித்து வைத்தவர்கள் வாசித்தார்கள். வட்டம் சில மாதம் கூடவில்லை. சார்ஜ் இருக்கிற ஒரு போனைச் சுற்றி வீட்டார் இருந்து வாசித்ததாகப் பிறகு சொன்னார்கள். டேட்டாவின் விலை அன்றிலிருந்து ஏறித்தான் நிற்கிறது. கூலிவேலை செய்கிற வீட்டில் ஒன்றரை மணித்தியால வீடியோக் கூட்டம் ஒரு செலவு. அதனால் வட்டத்துப் பிள்ளைகள் வீடியோவை அணைத்துக் குரலை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். வருடிய பக்கத்தின் படத்தை முதல்நாளே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். இலவச நூலகம் நடத்துகிற பெரிய நிறுவனங்கள் இந்தச் சின்ன ஏற்பாடுகளைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நூறு எம்பி கோப்பை வைத்துவிட்டு ‘அனைவருக்கும் திறந்தது’ என்றால் எருவிலில் பழைய போன் வைத்திருக்கிற பிள்ளைக்கு அது திறக்காது. காதை காதையாகப் பிரித்த சின்னக் கோப்புகளும், பக்கத்தில் ஒலியும் வேண்டும்.

ஒலி என்றதும் வட்டத்தில் எழுந்த கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முதியவர் படித்த காதைகள் பேத்தியின் போனில் பதிவாகிக் கிடக்கின்றன. போன் தண்ணீரில் விழுந்தால் போயிற்று. ஆவணகம் போன்ற ஒரு பொது இடத்தில் அவற்றைச் சேர்த்துவிட வேண்டும், வருடிய அச்சுப் பக்கமும் இந்தக் குரலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பிள்ளைகளின் விருப்பமும் அதுவே. முதியவரிடம் அனுமதி கேட்டார்கள். ஒரு கிழமை யோசித்து மூன்று நிபந்தனை சொன்னார். காசுக்கு விற்கக் கூடாது. காரைதீவுப் பெண் பாடிக் காட்டியதையும் அதோடு சேர்த்துப் போட வேண்டும், அவருடைய ஊரைச் சொல்லி. மூன்றாவதை இரண்டு முறை சொன்னார்: படிக்கத் தெரிந்த ஆள் ஊரில் இருக்கும்வரை, வைகாசியில் எந்தக் கோயிலிலும் இந்தப் பதிவை ஸ்பீக்கரில் போடக் கூடாது, ஆளை உட்கார வைத்துப் படிப்பிக்க வேண்டும். பேத்தி அதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். அடுத்த வைகாசிக்கு அடைக்கலக் காதையைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது வேண்டும் என்று, அவரிடம் இரண்டு பொடியன்களும் ஒரு பெண்பிள்ளையும் இப்போது பின்னேரத்தில் போய்ப் பழகுகிறார்கள்.